அப்பா இரண்டாம் வருடத்தில் இருந்தார்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முதல் மின்னஞ்சல் என் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தது. இயந்திரப் பொறியியல், இரண்டாம் வருடம், வருக வருக என்று எழுதி, கீழே ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தார்கள்.

அப்பா காணாமல் போனபோது எனக்கு நாலு வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்த மனிதர். சண்டைக் காலத்தில் ஒரு காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனவர். போட்டு வாறன் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் விண்ணப்பித்ததில்லை.

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் பிளாட்டின் சமையலறையில் நின்று அதை வாசித்துவிட்டு நான் சிரித்தேன். ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், நம்முடைய பெயர் பின்னால். இங்கேயோ முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம் என்று போட்டு வைத்திருப்பார்கள். எது எதற்குள் போக வேண்டும் என்று விமான நிலையத்தில் குழம்பத் தொடங்கியவர்கள் இன்னும் தெளியவில்லை. லண்டனில் பாதித் தமிழர் டாக்டரிடம் ஒருவராகவும் கவுன்சிலில் வேறொருவராகவும் வாழ்கிறார்கள். எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணை சொல்வார்: "தங்கச்சி, என்ர ஐயா செத்து எத்தினை வருசம். பல்லு டொக்டர் இன்னும் அவரைத்தான் கூப்பிடுறான். போய் வாயைத் திறக்கிறது நான்."

நானும் அப்படித்தான் வாயைத் திறந்தேன். சான்விச் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, கையில் வெங்காய மணத்தோடு, பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் பதியப் போன அன்று, வாயில் வருகிற ஒழுங்கில் பெயரை எழுதிக்கொடுத்தேன். அப்பா முதல் கட்டத்தில், நான் கடைசிக் கட்டத்தில். அந்தத் தொழிற்சாலையில் பாண் துண்டுகளைக் கொண்டுபோகும் பெல்ட் அடிக்கடி நின்றுபோகும். அதைத் திருத்த வருபவர் மூடியைக் கழற்றும்போது எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. டிப்ளோமா முடித்தேன். பல்கலைக்கழகம், கல்லூரியில் படித்ததைக் கணக்கில் எடுத்து, என்னை நேரே இரண்டாம் வருடத்தில் சேர்க்கச் சம்மதித்தது. அந்த விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் திருப்பி, மிகச் சரியாக எழுதினேன்.

சரியாக எழுதியதுதான் வினை. கல்லூரி என் புள்ளிகளைப் பழைய ஒழுங்கில் அனுப்பியது. பல்கலைக்கழகக் கணினி அந்தப் பெயரில் ஆளைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, தானே ஓர் ஆளை உண்டாக்கிவிட்டது. டிப்ளோமாப் புள்ளிகள் எல்லாம் அந்த ஆளுக்குப் போயின. நான் வெறுங்கையோடு முதலாம் வருடத்தில் நின்றேன். அப்பா இரண்டாம் வருடத்தில் இருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தக் கதை.

மாணவர் அலுவலக மேசையில் இருந்த பெண்மணி பொறுமையானவர். திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்து, "இந்த இரண்டு பேரில் நீங்கள் யார்?" என்று கேட்டார்.

நான் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

திருத்திவிடலாம், ஆனால் வரிசை நீளம் என்றார். பருவத்தின் நடுவில் வரும் இடைவேளை வாரத்துக்கு முன்னர் திருத்தினால் இரண்டாம் வருடம். அதற்குள் முடியாவிட்டால் இந்த வருடம் முழுக்க முதலாம் வருடம்தான், டிப்ளோமா படித்த காலம் தண்ணீரில் கரைத்த உப்பு. அதுவரை இரண்டாம் வருட வகுப்புகளில் போய் இருங்கள் என்றார். முப்பது கடந்தவளுக்கு ஒரு வருடம் என்பது சின்னக் காசில்லை. அன்று நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை.

அடையாள அட்டை கொடுத்த இடத்தில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டிலும் என் முகம். அங்கே நின்ற மாணவன், "ஒன்று ஸ்பெயர் போல" என்று இரண்டையும் என் கையில் தந்துவிட்டான். ரயிலில் எடுத்துப் பார்த்தேன். அதே படம்தான், நான் அனுப்பியதுதான். என் பெயருக்கு மேலே அது என் முகமாக இருந்தது. அப்பாவின் பெயருக்கு மேலே பார்த்தால் மூக்கு கொஞ்சம் நீண்டு, கண் கொஞ்சம் உள்ளே போய்... அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பைக்குள் வைத்தேன்.

வீட்டில் அம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"ஆற்ற பேர் போட்டிருக்கு?"

"அப்பான்ர பேர்."

"ம்." பிறகு, "படம் உன்ரையோ?"

"என்ரதான்."

"உன்ரை மாதிரித் தெரியேல்லை" என்றார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இறந்துவிட்டார் என்று எழுதித் தருகிறோம் என்று ஊரில் பலமுறை வந்து கேட்டார்கள். அம்மா வாங்கவில்லை. தாலியும் கழுத்தில் இருக்கிறது, குங்குமமும் நெற்றியில் இருக்கிறது. ஆனால் அவருடைய பெயரை அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் நம்பினார்கள். அப்பாவுக்கு ஒரு சாமியின் பெயர். அதனால் அந்தச் சாமியையும் அம்மா "மலையில இருக்கிறவர்" என்றுதான் சொல்வார். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் என் முதுகில் ஒரு தட்டு விழும். நான் சொல்ல வேண்டும். அம்மா சொல்லாத பெயரை நான் இங்கே அச்சில் போடுவதும் சரியில்லை.

இரண்டாம் வருடத்தின் முதல் ஆய்வுகூட வகுப்பு. அங்கே ஓர் இயந்திரம் உண்டு: இரும்புக் கம்பியொன்றில் பாரத்தைத் தொங்கவிட்டு, அது உடையும்வரை சுழற்றிக்கொண்டே இருப்பது. உலோகமும் களைத்துப்போகும்; எப்போது களைக்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. அது நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும், பக்கத்து அறையில் யாரோ காய்ச்சலில் கிடக்கிற மாதிரி. ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் பெயர் கூப்பிடுவார்.

என் பெயர் அவருடைய பட்டியலில் இல்லை. அப்பாவின் பெயர் இருந்தது. கூப்பிட்டார். உடைத்து, வளைத்து, ஆனாலும் அந்தப் பெயர்தான். அறை பேசாமல் இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, அடுத்த பெயருக்குப் போனார்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேசை, ஸ்டூல்கள், பாதுகாப்புக் கண்ணாடிகள். கண்ணாடிகளில் நாடா ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அப்பாவுக்கும் ஒன்று இருந்தது. நான் அந்தக் குழுவோடு விருந்தாளியாய் ஒட்டிக்கொண்டேன். குழுவில் வட லண்டன் எட்மண்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. ஆங்கிலத்தில் அக்கா போட்டுப் பேசுகிற வகை.

"அக்கா, லுக், இது எங்கட ஆளின்ர பேரெல்லோ? பட், இது அங்கிள்மாற்ற பேர். எங்கட வயசில ஆருக்கும் இப்பிடிப் பேர் இல்லை."

"ஓம்" என்றேன்.

"நீங்க ஆளைப் பாத்திருக்கிறீங்களா?"

"சின்ன வயசில பாத்தது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஹி இஸ் எ கோஸ்ட், அக்கா. எங்கட குறூப்புக்குப் பேய்தான் வாய்க்கும்."

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சிலவேளை ஒருவரும் நம்புவதில்லை. அது ஒரு வசதி. ஆனால் ஒன்று கவனித்தேன். நாங்கள் எல்லோரும் கோட்டையும் பையையும் வைக்க இடமில்லாமல் நிலத்தில் போட்டிருந்தோம். அந்த வெறும் ஸ்டூலில் ஒருவரும் எதையும் வைக்கவில்லை.

அடுத்த வாரமும் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும். பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின, என்னுடைய முகவரிக்கு, அவருடைய பெயருக்கு. முதலாவது, உங்களை வகுப்பில் காணவில்லையே என்றது. இரண்டாவது, நாங்கள் கவலைப்படுகிறோம், எல்லாம் சரிதானா, யாரிடமாவது பேச வேண்டுமா என்றது. மூன்றாவது கொஞ்சம் கறாராக இருந்தது: இனியும் வராவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

அம்மாவுக்கு இரண்டாவதைத்தான் தமிழில் சொல்லிக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரின் கை நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"உங்களைக் காணேல்லை, நாங்கள் கவலைப்படுறம், எல்லாம் சரியோ எண்டு கேட்டிருக்கினம்."

அம்மா கீரைத் தண்டைக் கீழே வைத்தார். "நாங்கள் போய்க் கேக்காத இடமில்லை" என்றார். "ஆமிக் காம்ப் காம்பாத் திரிஞ்சனான். உங்கட ஆளைக் காணேல்லை, எல்லாம் சரியோ எண்டு ஒருத்தரும் எங்களைக் கேட்டதில்லை. இவையள் கேக்கினம்."

"அது கணினி தானா அனுப்புறது அம்மா."

"ஆர் கேட்டா என்ன. கேக்கினம்."

மூன்றாவதையும் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய் நிற்காது, அதுவும் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டால் புள்ளிகளும் அதோடு பூட்டுப்பட்டுப் போகும், என்னுடைய பாடு அந்தரம் என்றேன். அம்மாவுக்கு என்னைப் பற்றிய பாதி காதில் ஏறியதோ தெரியாது. "எடுக்கப் போகினமோ?" என்று மட்டும் கேட்டார்.

அலுவலகத்துக்கு எழுதினேன், போன் அடித்தேன். வரிசையில் இருக்கிறீர்கள் என்றார்கள். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆய்வுகூட நாளன்று எழும்ப ஏலவில்லை. போர்வைக்குள் கிடந்தபோது எட்மண்டன் பிள்ளையின் போன் வந்தது. பின்னால் அந்த இயந்திரத்தின் முனகல் கேட்டது.

"அக்கா, எங்க நிக்கிறீங்க?"

"வீட்டில. காய்ச்சல்."

"ஹி இஸ் ஹியர், அக்கா."

"ஆர்?"

"எங்கட பேய். அட்டெண்டன்ஸ் அப்பில அவற்ற பேருக்குப் பச்சை காட்டுது. பில்டிங்குக்குள்ள வந்திட்டாராம். பட், ஆளைக் காணேல்லை. அக்கா, சீரியஸ்லி, எனக்குப் பயமா இருக்கு. ஸ்டூல் கூட கொஞ்சம் திரும்பி இருக்கு."

போனை வைத்துவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அதிகமாகவே அமைதியாக. "அம்மா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. என் பையைத் திறந்து பார்த்தேன். என் அட்டை இருந்தது. மற்றது இல்லை.

லண்டன் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிச்சம் போடாமல் கதிரையில் இருந்தேன். எழுந்து போட முடியாமல் இல்லை. போட்டால் யாராவது இருப்பார்களோ என்று ஒரு நினைப்பு. அப்போது கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பியது. அம்மா வந்தார். பெரிய கோட், அதற்குள் கோயிலுக்குக் கட்டுகிற பச்சைச் சேலை, மழையில் ஊறின சப்பாத்து.

"எங்கையம்மா போனனீங்கள்?"

"உன்ர பள்ளிக்கூடத்துக்கு."

"தனியவோ?"

"பஸ்காரனிட்டைக் கேட்டன். காட்டினவன்." கோட்டைக் கழற்றாமல் எனக்கு முன்னால் அமர்ந்தார். "எடுத்துப்போடுவினம் எண்டு சொன்னாய். ஒருக்கால் எடுத்தா பிறகு கூப்பிட மாட்டினம். அதுதான், ஒருக்கால் போய்க் காட்டிப்போட்டு வருவம் எண்டு போனன்."

வாசலில் அட்டையைத் தொட்டால் திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அம்மா அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், கதவு திறக்கவில்லை. காவலுக்கு நின்ற மனிதர் வந்து அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். படத்தைப் பார்த்தாராம், அம்மாவைப் பார்த்தாராம். எங்கள் இரண்டு பேருக்கும் முகம் ஒன்று என்று ஊரே சொல்லும். அவர் என்ன பெயர் என்று கேட்டார்.

"நேம் எண்டு கேட்டான். அது எனக்கு விளங்கும்தானே" என்றார் அம்மா.

"என்ன சொன்னீங்கள்?"

அம்மா தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னன்" என்றார் கடைசியில். "வாய் திறந்து சொன்னன். இவ்வளவு காலத்துக்கும் ஒருக்காலும் சொன்னதில்லை. பக்கத்தில நீயும் இல்லை, ஆரைத் தட்டிறது? சொன்ன உடனை அவன் அந்த அட்டையைத் திருப்பி வைச்சான். கதவு திறந்துது, பிள்ளை. அவற்ற பேருக்குக் கதவு திறந்துது."

பிறகு உள்ளே போய் ஒரு வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் இருந்தாராம். பிள்ளைகள் ஓடித் திரிந்தார்களாம். எங்கேயோ ஒரு இயந்திரம் முனகுவது கேட்டதாம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். எழும்பி வந்துவிட்டார்.

நான் ஏசவில்லை. என்னவென்று ஏசுவது?

"நான் கூப்பிட்டிட்டன்" என்றார் அம்மா, இருட்டைப் பார்த்துக்கொண்டு. "அது ஒரு தரம்."

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொழுதுபட்ட பிறகு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. பேய் ஒரு தரம் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனிசர். அப்போதுதான் பதில் சொல்ல வேண்டும். அம்மா அந்த விதியின்படிதான் அப்பாவைக் கூப்பிடுவதை எண்ணத் தொடங்கியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

இடைவேளை வாரம் தொடங்குவதற்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. போனேன்; மேசையில் அதே பொறுமையான பெண்மணி.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்" என்றார். "இந்த இரண்டாவது ஆளின் பதிவு தானாகவே மூடப்படும் கட்டத்தில் இருந்தது. மூடியிருந்தால் புள்ளிகளை வெளியே எடுக்க ஒரு குழு கூட வேண்டும். இந்த வருடம் நடக்காது. போன வாரம் வந்ததாகக் காட்டுகிறது. அதனால் இன்னும் திறந்திருக்கிறது. நீங்கள்தானே வந்தது?"

நான் தலையைச் சும்மா ஆட்டினேன். ஓம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். எங்கள் தலையாட்டலுக்கு அந்தக் குணம் உண்டு.

இரண்டில் ஒன்றை மூட வேண்டும் என்றார். அவருக்கு இலகு, புள்ளிகள் இல்லாததை மூடுவதுதான். என்னை. கடவுச்சீட்டுப்படி பட்டத்தில் பெயர் சரியாக வரும், பயப்பட வேண்டாம். ஆனால் வகுப்பில் அழைக்கும் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை உங்கள் பெயருக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டு, விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள். ஆண்பிள்ளையை நினைத்துச் சொல்வது அது. எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

"அந்தக் கட்டம் அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

திரையில் என் பெயருக்கு எதிரே "விலகியவர்" என்று வந்தது. மெல்லிய சாம்பல் நிறமாகி, வரிசையிலிருந்து மறைந்துபோனது. நான் போனதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து கண்ணாடிக் கதவில் அவருடைய அட்டையைத் தொட்டேன். திறந்தது.

இடைவேளை முடிந்து ஆய்வுகூடம். நான் போய் அந்த ஸ்டூலில் இருந்தேன். எட்மண்டன் பிள்ளை என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நாடா ஒட்டின கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி அதன் காது மிதமான சூட்டில் இருந்தது. ஜன்னல் வெயிலாக இருக்கும். அன்று வெயில் இருந்ததா என்று பிறகு யோசித்தேன், நினைவில்லை.

இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயர் வந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. ஏதோ ஒரு மரியாதை. மூத்தவர்கள் பேசட்டும் என்று சின்னவர்கள் காத்திருப்பார்களே, அப்படி.

இரண்டாம் தரம் கூப்பிட்டார். அவள் முழங்கையால் இடித்தாள். "அக்கா!"

முன்பெல்லாம் இரண்டு தரத்தோடு விட்டுவிடுகிறவர், அன்று ஏனோ நிமிர்ந்து, நேரே எங்கள் மேசையைப் பார்த்து, மூன்றாம் தரமும் கூப்பிட்டார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். ஆவிக்குள் நின்றபடியே, திரும்பாமல் கேட்டார்.

"கூப்பிட்டவையோ?"

"கூப்பிட்டவை. இனி நான் இரண்டாம் வருசம், அம்மா."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம்."

"மூண்டாம் தரம் ஓம் சொன்னது ஆர்?"

"நான்தான்."

அம்மா இடியப்பத் தட்டுகளை இறக்கி வைத்தார். ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து அவர் முகம் தெரிந்தது.

"முதல் ரெண்டு தரமும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை அம்மா."

"வடிவாக் கேட்டனியோ?"

"கேட்டனான்" என்றேன்.

கத்தினால்தான் கேட்கும் அளவுக்கு அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நான் சொல்லவில்லை.